நியூசிலாந்துக் குதிரைக்கு இரண்டாம் ஆண்டில் வந்த அரிப்பு

கேள்வி: வணக்கம் ஐயா. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் நிலம் இருக்கிறது. பந்தயத்திலிருந்து நிறுத்திய, நியூசிலாந்தில் பிறந்த குதிரை ஒன்றை வாங்கி வளர்க்கிறோம். இந்த நாட்டுக்கு வந்த முதல் ஆண்டு ஒரு குறையும் இல்லை. இப்போது பிடரியையும் வாலையும் கம்பத்தில் உராய்ந்து ரத்தம் வருகிறது. தீனிச் சூடு என்றார்கள். கடலையை நிறுத்தியும் குறையவில்லை. ஊசி போட்டால் சில நாள் அடங்கி மறுபடி வருகிறது. மாட்டுக் கொட்டகை பக்கத்திலேயே இருக்கிறது. மாடுகளுக்கு ஒட்டுமா? இன்னொரு குதிரை வாங்கலாமா?

பதில்: வாலோடு பிடரியையும் சேர்த்து உராய்கிறது என்கிறீர்களே, அதுவே பாதி விடை. வாலை மட்டும் தேய்த்தால் ஊசிப்புழுவைச் சந்தேகிக்க வேண்டும். ஆசனவாயைச் சுற்றி மஞ்சள் பசைபோல அதன் முட்டை ஒட்டியிருக்கும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிடரி, தோள்மேடு, வால் தண்டு, சில குதிரைகளுக்கு அடிவயிற்றின் நடுக்கோடு, இங்கெல்லாம் அரிப்பு என்றால் அது பெரும்பாலும் அகாஸ் என்னும் மிகச் சிறிய கடிக்கும் பூச்சியால் வரும் ஒவ்வாமை. பிடரியை விரலால் பிரித்துப் பாருங்கள். முடி பாதியில் முறிந்து தேய்ந்த துடைப்பம்போல் குத்திட்டு நிற்கும். அடியில் வெள்ளைச் செதில் உதிரும். நாள்பட்டிருந்தால் தோல் தடித்து மடிப்பு விழுந்திருக்கும்.

முதல் ஆண்டு ஒன்றும் இல்லாமல் போனதுதான் எல்லாரையும் ஏமாற்றிவிடுகிறது. அகாஸ் கடிக்கும்போது அதன் உமிழ்நீர் தோலுக்குள் இறங்குகிறது. அந்த உமிழ்நீரில் உள்ள புரதத்தை எதிரியாக அடையாளம் கண்டு உடம்பு சீறுவதற்குக் காலம் பிடிக்கும். ஆகவே அரிப்பு பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டில்தான் கிளம்பும். குலிகாய்டிஸ் என்ற இந்தப் பூச்சியினம் நியூசிலாந்தில் இல்லை. குட்டியிலிருந்து கடிபட்டு வளர்ந்த குதிரைகள் பல இதைத் தாங்கிக்கொள்கின்றன. வளர்ந்த பிறகு முதன்முதலாகக் கடிபடுவதற்குத்தான் ஆபத்து அதிகம். ஐஸ்லாந்துக் குதிரைகள் இதற்கு நல்ல சாட்சி. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகி, அகாஸ் மிகுந்த இடத்தில் இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தவற்றில் பாதிக்கு மேல் இந்த அரிப்பு கண்டிருக்கிறது. அதே இனத்தில் ஐரோப்பாவிலேயே பிறந்தவற்றுக்கு மிகக் குறைவு. உங்கள் கடலைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

குளிர்நாட்டில் பனிக்காலத்தில் பூச்சி அடங்கி, தோல் ஆற அவகாசம் கிடைக்கும். நமக்கு அந்த ஓய்வு கிடையாது. அதனால்தான் ஊசியை மட்டும் நம்பாதீர்கள் என்கிறேன். சில நாள் அடக்கும் அந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். புண் மோசமான நாளில் கால்நடை மருத்துவர் போட்டால் நல்லது. ஆண்டு முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டால் குளம்பு அழற்சி வரக்கூடும். அதன் அறிகுறியாக, முன்கால்களில் பாரம் வைக்காமல் பின்னால் சாய்ந்து நின்றால் அன்றே மருத்துவரை அழையுங்கள்.

அகாஸ் கடியை நிறுத்துவதுதான் வைத்தியம். அது கூட்டமாகக் கிளம்புவது அந்தியிலும் விடியலிலும், இரவிலும் கடிக்கும். மாலை 5.30-க்குள் குதிரையைக் கொட்டிலுக்குள் கட்டுங்கள், காலை 9 மணிக்கு மேல் வெளியே விடுங்கள். பகல் முழுக்க வெளியில் நிற்பதால் நிழலும் தண்ணீரும் கட்டாயம். வெயிலுக்கு முன் காலை 6 மணிக்கே சவாரி போகும் பழக்கம் இருந்தால் அன்று பூச்சி மருந்து தெளிக்காமல் வெளியே எடுக்காதீர்கள்.

கொட்டிலில் பெரிய மின்விசிறி ஒன்று வையுங்கள், முதுகிலும் பிடரியிலும் காற்று படும்படி. அகாஸ் ஓரிரு மில்லிமீட்டர் பூச்சி. மணிக்குப் பத்து கிலோமீட்டர் காற்றிலேயே பறக்கத் திணறும். செலவுக்கு இதைவிடப் பலன் தருவது வேறில்லை. சாதாரணக் கொசுவலையில் நுழைந்துவிடும், அதனால் கண் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய வலை வேண்டும். இரவில் கொட்டிலுக்குள் விளக்கு எரிய விடாதீர்கள், வெளிச்சம் அதை இழுக்கும். புகைமூட்டம் வேண்டாம், அடைத்த இடத்தில் புகை குதிரையின் நுரையீரலைக் கெடுக்கும்.

மாட்டுக் கொட்டகை பக்கத்தில் இருப்பது எனக்குக் கவலை தருகிறது. மாடுகளுக்கு இது ஒட்டாது. ஆனால் சில அகாஸ் வகைகள் மாட்டுச் சாணத்திலேயே பெருகும். சாணத்தைத் தினமும் அள்ளுங்கள். எருக்குழியையும், ஆலையிலிருந்து கொண்டுவந்து கொட்டிய, செம்பனைப் பழம் நீக்கிய வெற்றுக்குலைக் குவியலையும் முடிந்தவரை தூரத் தள்ளுங்கள். கால்வாயில் சேறு தேங்காமல் தண்ணீர் ஓடட்டும். குதிரைக் கொட்டிலையே மேட்டுக்கு, காற்றோட்டமுள்ள பக்கம் மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

உடம்புக்கு, குதிரைக்கென விற்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சி மருந்தைப் பிடரி முழுக்கவும் வால் தண்டிலும் தடவுங்கள். அளவும் இடைவெளியும் புட்டியில் உள்ளபடிதான். வியர்வையும் மழையும் கழுவிவிடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். பூனைக்கும் மீனுக்கும் இது நஞ்சு. மிச்சத்தைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். வேப்பெண்ணெய் பூசுவதானால் முதலில் ஒரு சிறு இடத்தில் தடவி ஒரு நாள் பாருங்கள். திறந்த புண்ணில் எந்த எண்ணெயும் வேண்டாம். புண்ணைப் பச்சைத் தண்ணீரில், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி 2 விழுக்காடு உள்ள ஷாம்பு போட்டு, நுரையைப் பத்து நிமிடம் விட்டுக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். கழுத்து முதல் வால் வரை மூடும் மெல்லிய வலைப்போர்வையும் உதவும். நம் சூட்டில் கனத்த துணி வியர்வையைத் தேக்கித் தோலை ஊறவைத்துவிடும்.

கடி அறவே குறைந்தால்தான் அரிப்பு அடங்கும். ஒரு நாள் கட்டி ஒரு நாள் விட்டால் பலனில்லை. முடி திரும்ப மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும்.

வெப்பமானி ஒன்று கையில் இருக்கட்டும். குதிரையின் இயல்பான சூடு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். வெறும் ஒவ்வாமைக்குக் காய்ச்சல் வராது. காய்ச்சலோடு கண்ணுக்கு மேலுள்ள குழி வீங்கினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் கால்நடை சேவைத் துறைக்குச் சொல்லுங்கள். அகாஸ் பரப்பும் ஆப்பிரிக்கக் குதிரை நோய் 2020-இல் திரங்கானுவில் கண்டறியப்பட்டது.

இரண்டாவது குதிரை தாராளமாக வாங்கலாம், இது தொற்றாது. இங்கேயே பிறந்ததாகவோ, இங்கு வந்து மூன்று ஆண்டாகியும் பிடரி முழுதாக இருப்பதாகவோ பாருங்கள். விற்பவர் முடியை மழித்துக் காட்டினால் வாங்காதீர்கள். இனப்பெருக்கம் செய்யும் எண்ணம் இருந்தால், அரிப்புள்ள குதிரையைச் சேர்க்க வேண்டாம், இந்தக் குணம் பரம்பரையிலும் இறங்கும். புதிதாக இறக்குமதியான குதிரையைத்தான் வாங்குகிறீர்கள் என்றால், அரிப்பு வரும்வரை காத்திராமல் வந்து இறங்கும் முதல் மாலையிலேயே விசிறியைப் போட்டுவிடுங்கள்.