நர்சரியில் வாங்கிய செம்பருத்தி தண்ணீர் ஊற்றியும் வாடுகிறது. தரையில் நடுவதற்கு முன் வேரில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். ஈரம் போதாமல் வாடும் செடியும், வேர் அழுகி ஈரத்தை உறிஞ்ச முடியாமல் வாடும் செடியும் மேலே ஒரே மாதிரிதான் தெரியும். இலையை மட்டும் பார்த்து முடிவு செய்தால் அழுகும் வேருக்கு மேலும் தண்ணீர் போய்ச் சேரும். நான் எந்தப் புதருக்கும் வேரைப் பார்க்காமல் குழி தோண்டுவதில்லை.

தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். மேல்மண் ஈரமாக இருந்தும் தொட்டி லேசாக இருந்தால் உள்ளே காய்ந்திருக்கிறது. தென்னைநார்த்தூள் போன்ற கலவை சில நேரம் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைச் சட்டென்று ஏற்காது, ஊற்றியது ஓரமாக வழிந்து கீழே போய்விடும். அப்படியானால் தொட்டியோடு ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள், பல செடிகள் அதிலேயே நிமிர்ந்துவிடும்.

தொட்டி கனமாக இருந்தால்தான் கவலை. தண்டைப் பிடித்து இழுக்காமல், தொட்டியைச் சாய்த்துத் தட்டிச் செடியை வெளியே எடுங்கள். பழுப்பாகத் தெரியும் ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து உருவுங்கள். மேல்தோல் கொழகொழவென்று கழன்று, நடுவில் நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சினால் அது அழுகல். புளித்த நாற்றமும் வரலாம். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், சில புதர்களுக்கு வேரே கருமையாகத்தான் இருக்கும். நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே வெளுப்பாகவும் கெட்டியாகவும் இருந்தால் உயிருள்ள வேர். வேரே வீங்கி முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழுவை (வேரைத் தாக்கும் நுண்ணிய புழு) சந்தேகிக்க வேண்டும், அந்தச் செடியைத் தோட்டத்து மண்ணுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

அழுகிய வேர்களைச் சுத்தமான கத்தரியால் நல்ல பகுதி வரை வெட்டுங்கள். பாதிக்கு மேல் போய்விட்டால் இப்போது தரையில் நட வேண்டாம். நீர் நன்றாக வடியும் கலவையில், மீதி வேருக்குப் பொருத்தமான சின்னத் தொட்டியில், நிழலில் வைத்துத் தேற்றுங்கள்.

வேர் நன்றாக இருந்தும் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வளர்ந்திருந்தால் அப்படியே நட்டுவிடாதீர்கள். மண்ணில் நட்டாலும் ஏற்கெனவே சுருண்ட வேர் தானாக நேராகாது. வருடங்கள் கழித்துத் தண்டும் வேரும் பருக்கும்போது அடித்தண்டையே இறுக்கி நெரிக்கும். அப்போது செடி ஏன் சாகிறது என்று யாருக்கும் புரியாது. விரலால் பிரித்துவிடுங்கள், வராதவற்றை வெட்டிவிடுங்கள். தண்டின் அடியில் மேல்மண்ணை லேசாகக் கிளறி அங்கேயும் பாருங்கள். அந்த இடத்தில் இருக்கும் சுருளை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை.

நடும் குழி வேர்ப்பந்தின் (வேரும் மண்ணும் சேர்ந்த கட்டி) உயரத்துக்கு மேல் ஆழம் வேண்டாம், அகலம் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். முன்னதாக, நீர் வடிகிறதா என்று பார்க்க அருகில் தனியாக 30 செ.மீ. ஆழம் தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பிப் பாருங்கள். மணிக்கு 2 செ.மீ. கூட இறங்கவில்லை என்றால் மேடு கட்டி அதன் மேல் நடுங்கள்.

உரம் இப்போது வேண்டாம், புது வேர் வரட்டும். காய்ந்த கிளைகளை மட்டும் வெட்டுங்கள். பச்சை இலை செய்யும் உணவில்தான் வேர் திரும்ப வளரும். நட்ட முதல் சில வாரங்களுக்குத் தண்ணீரைத் தண்டை ஒட்டிய பழைய மண்கட்டியில் ஊற்றுங்கள். சுற்றியுள்ள மண் ஈரமாக இருக்கும்போதே அந்தக் கட்டி காய்ந்துவிடும்.