பெய்ஜிங்கிலிருந்து பிங்யாவ் மதில் நகரத்துக்கு எப்படிப் போவது? உள்ளே எப்படிச் சுற்றுவது?

பெய்ஜிங் மேற்கு நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் சுமார் 4 மணி நேரம். பலர் குழம்புவது நிலையத்தின் பெயரில்தான். அதிவேக ரயில் நிற்பது ‘பிங்யாவ் குச்செங்’; ‘குச்செங்’ என்றால் பழைய நகரம்; ஆனாலும் இந்த நிலையம் மதிலிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. அங்கிருந்து பேருந்தோ டாக்சியோ பிடிக்க வேண்டும். வெறும் ‘பிங்யாவ்’ என்பது சாதாரண ரயில் நிலையம். மதிலுக்கு நடந்தே போகலாம், ஆனால் ரயில் மெதுவானது.

டாக்சி வாசலோடு நின்றுவிடும், உள்ளே கார்களுக்கு அனுமதியில்லை. பெட்டி கனமென்றால் விடுதிக்காரரிடம் எந்த வாசல் அருகில் என்று முன்பே கேட்டுவையுங்கள். பெரும்பாலும் மின்வண்டி அனுப்புவார்கள். கல் பாவிய தெருவில் சக்கரப் பெட்டி படுத்தும்.

மதில் சுற்றளவு சுமார் 6 கிலோமீட்டர். தெருவில் நடக்கக் கட்டணமில்லை. மதில்மேல் ஏறவும், ரிஷெங்சாங் உண்டியல் கடையை (ஊர்விட்டு ஊர் பணம் அனுப்பிய அந்தக் கால வங்கி) பார்க்கவும் கூட்டுச் சீட்டு தேவை. பாஸ்போர்ட் கையிலிருக்கட்டும்.