கேளுங்கோ அக்காவை: மூலிகைச் சாறு குடிச்சா எதிர்ப்புச் சக்தி கூடுமா?

கேள்வி: அக்கா, மழை தொடங்கினதில இருந்து என்ர ரெண்டு பிள்ளைகளுக்கும் மாறி மாறித் தடிமன், ஒண்டுக்கு விட மற்றதுக்குப் பிடிக்குது. ஸ்கூல் அம்மாமாரின்ர வட்ஸ்அப் குரூப்பில "இமியூனிட்டி பூஸ்டர்" எண்டு ஒரு போத்தல் ஓடுது, சீந்தில், எக்கினேசியா எண்ட வெளிநாட்டு மூலிகை, நெல்லிக்காய் எல்லாம் சேத்த சாறாம், ஒரு மாசம் குடுத்தா ஒரு வருத்தமும் அண்டாதாம். வாங்கட்டா?
– ஒரு அம்மா, வெள்ளவத்தை

பதில்: வாங்க வேண்டாம் தங்கச்சி. ஸ்கூல் போகத் தொடங்கின சின்னப் பிள்ளைக்கு வருசத்தில ஆறு எட்டுத் தரம் தடிமன் வாறது சாதாரணம். எதிர்ப்புச் சக்தி குறைஞ்சு போச்சு எண்டு பயப்பிடாதீங்கோ, தடிமன் தாற வைரஸ் 200 வகைக்கு மேல இருக்கு, பிள்ளையின்ர உடம்பு அதுகளை ஒவ்வொண்டாச் சந்திச்சுத்தான் பழகோணும்.

இன்னொண்டு யோசிச்சுப் பாருங்கோ. மூக்கு ஓடுறது, தொண்டை நோகிறது, காய்ச்சல் காயிறது, இதில பெரும்பங்கு வைரஸ் செய்யிறதில்ல, வைரஸை எதிர்த்து எங்கட உடம்பு தானே செய்யிறது. பீனிசமும் அலர்ஜியும் கூட அதே எதிர்ப்புச் சக்தி தேவையில்லாத நேரத்தில எழும்பி நிக்கிறதாலதான் வருது. அப்ப "கூட்டித் தாறம்" எண்டு விக்கிறவை இதில எதைக் கூட்டப் போகினம் எண்டு நீங்கள் கட்டாயம் கேக்கோணும்.

போத்திலில "ஆய்வுகூடத்தில நிரூபிக்கப்பட்டது" எண்டு போட்டிருக்கும், அது முழுப் பொய்யும் இல்ல. கண்ணாடிக் கிண்ணத்தில வளர்த்த வெள்ளை அணுக்கள் மேல செடிச் சாறை விட்டா அதுகள் எழும்பி இரசாயனங்களைச் சுரக்கும். ஆனா செடியோட ஒட்டி வாழுற பக்டீரியாக்களின்ர துண்டுகளும் அந்தச் சாறுக்குள்ள வந்திடும், வெள்ளை அணுக்கள் அதுகளைக் கண்டாலே எழும்பும். எக்கினேசியாவில கிண்ணத்துக்குள்ள தெரிஞ்ச தூண்டலில பெரும்பகுதி இப்பிடி பக்டீரியாத் துண்டுகளால வந்ததெண்டு ஆராய்ச்சியாளர்களே பிறகு காட்டியிருக்கினம். அதைவிட, கிண்ணத்தில ஊத்துற அளவும் பிள்ளை குடிச்சு, வயித்தில செமிச்சு, ஈரலைத் தாண்டி ரத்தத்துக்கு வந்து சேர்ற அளவும் ஒண்டே இல்ல.

மனிசரில பாத்த கணக்கும் இருக்கு. எக்கினேசியாவைப் பற்றின 24 பரிசோதனைகளை கொக்ரேன் எண்ட ஆய்வுக் குழு 2014இல சேத்துப் பாத்தது, தடிமனை அது மாத்தும் எண்டதுக்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கேல்ல, சில தயாரிப்புகளில சின்னப் பலன் இருக்கலாம் எண்டதோட நிப்பாட்டினவை.

கொரோனா நேரம் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2020 டிசம்பரில கேகாலையில தேனும் சாதிக்காயும் சேத்த பாணிக்கு ஆயிரக்கணக்கில சனம் முண்டியடிச்சு நிண்டது, அப்பத்த சுகாதார அமைச்சரே எல்லாரும் பாக்கக் குடிச்சவ, அடுத்த மாசம் அவவுக்கும் கொரோனா வந்தது. அந்தக் கியூவில ஆளோட ஆள் இடிச்சு நிண்ட சனத்தை நினைச்சா எனக்கு இப்பவும் மனசு பதறுது.

போத்தில் காசுக்கு நெல்லிக்காயைப் பழமாவே வாங்கிக் குடுங்கோ, பிள்ளைகளை நேரத்தோட படுக்க விடுங்கோ, ஊசி அட்டையை எடுத்து எம்ஓஎச் கிளினிக்கில ஏதும் தவறிப் போச்சோ எண்டு காட்டுங்கோ, வீட்டுக்குள்ள ஆரும் சிகரெட் பத்தினா அதை முதல் நிப்பாட்டுங்கோ.

கேள்வி: நான் ஏ லெவல் பயோ படிக்கிறன் அக்கா. செடியிலயிருந்து எடுத்து, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டி, உண்மையாவே நோயைத் தடுக்கிறதெண்டு நிரூபிச்ச ஏதாவது ஒண்டு இருக்கா? இல்லாட்டி எல்லாம் கதைதானா?
– மாணவன், வத்தளை

பதில்: இருக்கு தம்பி. நீங்கள் கேட்டது எனக்குப் பெரிய சந்தோஷம், ஏனெண்டா செடி எண்டாலே மந்திரம் எண்டு சொல்லுறவையும் செடி எண்டாலே ஏமாத்து எண்டு சொல்லுறவையும் இந்தக் கதையை விட்டிடுகினம். ஆனா அது குடிக்கிற சாறில்ல, ஊசிக்குள்ள இருக்கு.

1925 அளவில பிரான்சில, பாஸ்டர் நிறுவனத்தில கஸ்தோன் ரமோன் எண்டு ஒரு மிருக வைத்தியர் இருந்தார். டிப்தீரியா எண்ட தொண்டை நோய்க்கு எதிர்மருந்து அப்ப, கிருமியின்ர நஞ்சைக் குதிரைக்கு ஊசியால ஏத்தி அதின்ர ரத்தத்திலயிருந்துதான் எடுக்கிறது. ஊசி ஏத்தின இடம் வீங்கிச் சீழ் வைச்ச குதிரைகளில எதிர்மருந்து கூட வாறதை அவர் கவனிச்சார், அப்ப நாங்களே வேணுமெண்டு கொஞ்சம் அழற்சியை உண்டாக்கினா என்ன எண்டு யோசிச்சு ஊசிக்குள்ள மரவள்ளி மா, பாண் தூள், சபோனின் எண்டு கையில கிடைச்சதெல்லாம் சேத்துப் பாத்தார், வேலை செய்தது! தடுப்பூசிக்குத் துணைப்பொருள் சேக்கிற வழி அங்கயிருந்துதான் வளர்ந்தது.

சபோனின் எண்டது தண்ணியில நுரைக்கிற செடிப்பொருள், எங்கட பூவந்திக்கொட்டையிலயும் அதுதான் நுரைக்குது. தென்னமெரிக்காவில சிலி நாட்டில கில்லாயா எண்ட மரத்தின்ர பட்டையை அங்கத்த சனம் சவர்க்காரமாப் பாவிச்சது. அந்தப் பட்டைச் சாறில இருக்கிற பல சபோனின்களைப் பிரிச்சு அதில ஒண்டை எடுத்தினம், பேர் கியூஎஸ்-21. அதைத் தனிய ஏத்தினா சிவப்பணுக்களை உடைக்கும், ஊசி போட்ட இடமும் நல்லா நோகும், அதால கொலஸ்ட்ரோல் சேத்த மிக நுண்ணிய கொழுப்பு உருண்டைகளுக்குள்ள வைச்சு அடக்கினவை. அக்கிக்குப் போடுற ஷிங்ரிக்ஸ் தடுப்பூசியில இருக்கிறது இதுதான், கூட சல்மொனெல்லா பக்டீரியாவிலயிருந்து எடுத்துப் பதப்படுத்தின இன்னொரு பொருளும் இருக்கு. அமெரிக்காவில 2017இல அனுமதி கிடைச்சது. சின்ன வயசில கொப்பளிப்பானா வந்து போன வைரஸ் நரம்புக்குள்ள ஒளிச்சிருந்து வயசு போன காலத்தில அக்கியா வெளிய வரும், வயசாளிகளில தடுப்பூசி பொதுவா அவ்வளவு நல்லா எடுபடாது. ஆனா இந்த ஊசி 50 வயசு தாண்டின ஆக்களில 97 வீதமும் 70 தாண்டினவையில 90 வீதத்துக்குக் கிட்டவும் பாதுகாப்புத் தந்தது. ஒரு டோஸில இருக்கிற கியூஎஸ்-21 வெறும் 50 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமை 20,000 பங்காப் பிரிச்சா அதில ஒரு பங்கு.

மலேரியா தடுப்பூசிகள் ரெண்டிலயும் அதே மரம்தான். ஆர்டிஎஸ்,எஸ் ஊசியை உலக சுகாதார நிறுவனம் 2021இல பரிந்துரைச்சது, ஆர்21 ஊசியை 2023இல. இலங்கை 2016லயே மலேரியா இல்லாத நாடு எண்டு சான்றிதழ் எடுத்திட்டுது, ஆபிரிக்காவில இன்னும் சின்னப் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்குதுகள், ஒரு மரப்பட்டை அங்க போய் உதவுறது எவ்வளவு பெரிய விசயம்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன். ஊசி போட்டா கிட்டவா இருக்கிற நெறி கட்டுற இடத்துக்குப் போய் அங்க அணுக்களைக் கூப்பிட்டு எழுப்பி விடுறது செடிப்பொருள், ஆரை எதிர்க்கோணும் எண்டு காட்டுறது கூடப் போற கிருமித் துண்டு. ரெண்டும் ஒரே நேரத்தில ஒரே இடத்தில இருந்தாத்தான் உடம்பு அந்த நோயைப் படிச்சு வைக்கும். கடைப் போத்திலில அந்த ரெண்டாவது இல்ல, எழுப்பி விட்டாலும் எதுக்கு எண்டு உடம்புக்குத் தெரியாது.

கேள்வி: அக்கா, என் மகனுக்கு ரெண்டு நாளா கடுமையான காய்ச்சல், பக்கத்துல ரெண்டு வீட்டுல டெங்கு. பப்பாசி இலைச் சாறு குடுத்தா எதிர்ப்புச் சக்தி வந்து பிளேட்லட் ஏறும்னு எல்லாரும் சொல்றாங்க, ரெண்டு தரம் குடுத்துட்டேன். இன்னும் டொக்டர்கிட்ட போகணுமா?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: இந்தத் தாய்க்கு அண்டைக்கே போன் எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிட்டம், மற்ற எல்லாருக்குமாத்தான் இங்க எழுதுறன்.

பப்பாசி இலைச் சாறு பிளேட்லட்டைக் கொஞ்சம் கூட்டினதாச் சில பரிசோதனைகள் சொல்லுது. ஆனா டெங்குவில உயிரை எடுக்கிறது பெரும்பாலும் பிளேட்லட் குறையிறதில்ல, ரத்தக் குழாய்களால நீர் கசிஞ்சு வெளிய போறதுதான், அந்தக் கசிவை இலைச் சாறு நிப்பாட்டும் எண்டு ஆரும் காட்டேல்ல. கசிவு வாறதுக்கே எங்கட எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மிஞ்சி எழும்பிறது ஒரு பெரிய காரணம். டெங்கு வைரஸ் நாலு வகை, ஒருக்கா ஒரு வகை வந்து பிறகு வேற வகை வந்தா முதல் தரம் உண்டான எதிர்ப்புப் பொருளே சிலவேளை வைரஸ் அணுவுக்குள்ள போக உதவி செய்யும். அப்பிடி இருக்கேக்க "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவம்" எண்டு எதையாவது பருக்கிறதில எனக்கு உடன்பாடே இல்ல.

மூண்டாம் நாளுக்கிடையில எஃப்பிசி ரத்தப் பரிசோதனை கட்டாயம் செய்யுங்கோ. காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், அதுவும் சொன்ன அளவுக்கு மேல இல்ல, புரூஃபன், அஸ்பிரின், டைக்ளோபெனாக் எதுவும் வேண்டாம். ஜீவனி, கஞ்சி, செவ்விளநீர் குடுங்கோ, சிவப்பு, பிறவுண் நிறத்தில எதுவும் குடுக்காதீங்கோ, சத்தி எடுத்தா ரத்தமோ எண்டு தெரியாமப் போயிடும். காய்ச்சல் விட்டுட்டுது எண்டு நிம்மதியா இருந்திடாதீங்கோ, ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கேக்கதான் தொடங்கும். வயித்து நோ, தொடர்ந்து சத்தி, கைகால் குளிர்றது, சலம் குறையிறது, இதில ஒண்டு கண்டாலும் ஓடுங்கோ, இரவு எண்டும் பாக்க வேண்டாம். 2017இல இந்த நாட்டில 1,86,000 பேருக்கு மேல டெங்கு வந்து நானூறுக்கு மேல செத்தவை, பிந்திப் போனதால போன உயிர் ஒண்டும் இனி வேண்டாம்.

கேள்வி: உம்மாவுக்கு லூபஸ், பத்து வருஷமா ஸ்டீரொய்ட் எடுக்குறா. ஒரு சொந்தக்காரர் சீந்தில் குளிசை கொண்டு வந்து தந்தார், "இங்கிலீஷ் மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், இது கூட்டும்" என்டு சொல்றார். குடுக்கலாமா?
– மகள், தெமட்டகொட

பதில்: குடுக்கவே வேண்டாம் மகள். லூபஸில உம்மாவின்ர எதிர்ப்புச் சக்தி அவவின்ர உடம்பையே அடிக்குது, அதை அடக்கத்தான் டொக்டர் மருந்து குடுக்கிறார், அதை எழுப்பி விடுற எதுவும் அவவுக்கு எதிரி. கிட்னி மாத்தினவைக்கும் இதே கதைதான். கொரோனா காலத்தில சீந்தில் குடிச்ச ஆறு பேருக்கு ஈரல் பாதிச்சதை மும்பை டொக்டர்மார் 2021இல எழுதினவை, ஈரலை உடம்பே தாக்குற மாதிரியான பாதிப்பு. இந்தியாவின்ர ஆயுஷ் அமைச்சு ஒத்துக்கொள்ளேல்ல, வேற செடியா இருக்கலாம் எண்டது. அதுக்குப் பிறகு பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து இன்னும் கூடின ஆக்களில அதே மாதிரிப் பாதிப்பைக் கண்டவை. ஏற்கனவே ஏதும் குடுத்திருந்தா ஒளிக்காம டொக்டருக்குச் சொல்லுங்கோ, ஈரல் பரிசோதனை ஒண்டு செய்விப்பார். ஸ்டீரொய்டை மட்டும் திடீரெண்டு நிப்பாட்டிப் போடாதீங்கோ, அது உயிராபத்து.

கேள்வி: அப்ப பஸ்பங்குவவும் குடிக்கக் கூடாதா?
– தெஹிவளை

பதில்: குடியுங்கோ ஐயா, தடிமனுக்குச் சூடாக் குடிச்சா தொண்டைக்கும் மூக்குக்கும் இதம், நானும் குடிக்கிறனான். கொத்தமல்லி, இஞ்சி, கண்டங்கத்திரி, பற்படாகம், மரமஞ்சள் அஞ்சும் அவிச்சது. மரமஞ்சளில பெர்பெரின் இருக்கிறதால கர்ப்பிணிகளுக்கும் பச்சைக் குழந்தைக்கும் வேண்டாம், சீனி வருத்தம் இருந்தா சக்கரையைக் கடிச்சுக் குடிக்காதீங்கோ. "ஹெல்த் டிரிங்" எண்டு வெறும் வயித்தில பிலிங், காமரங்காச் சாறு குடிக்கிற ஆக்கள் மட்டும் அதை உடன நிப்பாட்டுங்கோ, அதில இருக்கிற ஒக்சலேட் கிட்னியை அடிச்ச கதைகளை எங்கட நாட்டு டொக்டர்மாரே எழுதி வெளியிட்டிருக்கினம்.