மடிநோய்க்குப் புது ஊசி போடலாமா?

கேள்வி: ஹெச்.எஃப். கலப்பின மாடு, ஐந்து மாதச் சினை. பின்பக்க வலது காம்பில் மூன்றாவது தடவையாக மடிநோய். செஃப்ட்ரையாக்சோன் ஊசி போட்டால் நாலு நாளில் தெளிகிறது. இரண்டு வாரத்தில் மறுபடியும் பால் திரிதிரியாக வருகிறது. டாசோபாக்டம் சேர்ந்த ஊசி போட்டால் கேட்கும் என்கிறார் மருந்துக்கடைக்காரர். போடலாமா? — பெருந்துறைப் பக்கத்து விவசாயி

பதில்: கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை. சில கிருமிகள் ஒரு நொதியைச் சுரந்து மருந்தை உடைக்கும். டாசோபாக்டம் அந்த நொதியை அடக்கும். பழைய மருந்து மறுபடி வேலை செய்யும். கிருமி வேறு வழியில் எதிர்ப்பு காட்டினால் அந்தக் கூட்டு வீண்செலவு. எந்த வழி என்பது கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? கல்லாப்பெட்டியா சொல்லும்?

நீங்கள் எழுதியதிலேயே ஒரு துப்பு இருக்கிறது. ஊசிக்குத் தெளிந்துதான் திரும்புகிறது. கிருமி ஸ்டெஃபைலோகாக்கஸ் வகை என்றால் மடித்திசுவுக்குள் பதுங்கியிருக்கும்; மருந்து கேட்கும் கிருமியாக இருந்தாலும் ஊசி அங்கே சரியாகப் போய்ச் சேராது. அடுத்த ஊசிக்கு முன் காம்பை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் பீச்சலை விட்டுவிட்டு, சுத்தமான பரிசோதனைப் பாட்டிலில் பால் பிடித்து ஐஸில் வைத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். எந்த மருந்து கேட்கும் என்று சோதனையில் தெரியும். மனிதருக்கு நிமோனியா என்றால் ஆஸ்பத்திரியில் எடுக்கும் மருந்து செஃப்ட்ரையாக்சோன். அதைக் கட்டுத்தரையில் சும்மா செலவழிக்கக் கூடாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, மாட்டை எப்போது வற்றவிடுவது என்பதைத்தான். ஏழு மாதச் சினையில் கறவையை நிறுத்துங்கள். கடைசிக் கறவை முடிந்த கையோடு, வற்றுக்காலத்துக்கென்றே வரும் குளோக்ஸாசிலின் டியூபை மருத்துவரை வைத்து நாலு காம்பிலும் ஏற்றச் சொல்லுங்கள், சோதனை அதற்கு ஒத்துவந்தால். பழைய, மலிவான மருந்துதான். பால் இல்லாத மடியில் வாரக்கணக்கில் தங்கி வேலை செய்யும். இதைக் கடைக்காரர் சொல்லவே மாட்டார்; சொன்னால் மாசாமாசம் ஊசி விற்க முடியாதே!

அதுவரை இந்த மாட்டைக் கடைசியாகக் கறங்கள். நோய்ப்பாலைத் தரையில் பீச்சாதீர்கள். கறந்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் முக்குங்கள், தினமும் இரண்டு வேளையும். ஊசியை விட நான் நம்புவது இந்த முக்கலைத்தான். பிறகு தீவனம் போட்டு அரைமணி நேரம் நிற்க வையுங்கள். காம்புத் துவாரம் மூடுமுன் படுத்தால் சாணிக் கிருமி உள்ளே போய்விடும். அப்புறம், ஊசி போட்ட பாலைச் சொசைட்டியில் ஊற்றாதீர்கள், கன்றுக்கும் விடாதீர்கள்.

ஈன்ற பிறகும் அதே காம்பு பிடித்தால், அதை வற்றவிட்டு மூன்று காம்பில் கறப்பதுதான் கட்டுப்படியாகும்.