நகையை அடகு வைக்க வேண்டாம், அண்ணாச்சி

அண்ணாச்சி, சனிக்கிழமை நீங்களும் மதினியும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு, அவளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று கேட்க வந்தீர்கள். ஒரு மணி நேரப் பேச்சில் முக்கால் மணி நேரம் உங்கள் மைத்துனர் சொன்ன கல்லூரியைப் பற்றியே போய்விட்டது. பாப்பா வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே நீங்கள் ஒன்று சொன்னீர்கள்: "நம்ம மீன்பிடி வல்லத்துல கெட்டுப்போன எக்கோ சவுண்டரப் பிரிச்சுப் போட்டுட்டா சார். கடல் எம்புட்டு ஆழம்னு இந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியுதுன்னு ரெண்டு நாளா அதே பேச்சு." அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு உங்களைக் கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அது போதாது. நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம். மதினியின் நகையை அடகு வைத்து, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் கொடுத்து வாங்குகிற சீட் அது. பாப்பா ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். மைத்துனர் சொல்லும் வழியில் போனால் அந்தக் கட்டணச் சலுகை கைநழுவிப் போகும். ஊரில் நாலு பேர் மதிப்பார்கள் என்பதற்காக இத்தனை கடனா? நான் சம்மதிக்க மாட்டேன்.

சரி, அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தப் பெட்டி ஒரு சத்தத்தைக் கீழே அனுப்புகிறது. அது கடல் தரையில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறது. கடல் நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும், காற்றில் போவதைப் போல நாலு மடங்குக்கும் மேல். ரேடியோ அலை நீருக்குள் கொஞ்ச தூரத்திலேயே செத்துவிடும், ஜிபிஎஸ் அங்கே வேலை செய்யாது, சூரிய வெளிச்சமும் 200 மீட்டருக்குக் கீழே ஏறக்குறைய இல்லை. கடலுக்கடியில் தொலைவில் இருப்பதைப் பார்க்கவும் பேசவும் ஒலியை விட்டால் வேறு வழியில்லை. அந்த ஒலியும் நேராகப் போகாது. ஆழம் போகப் போக வெப்பம் குறைவதால் அது வளைகிறது. எதிரே இருக்கிற பொருள்கூடச் சில நேரம் கருவிக்குத் தெரியாது. நம் பக்கத்துக் கடல்போல ஆழம் குறைந்த இடத்தில் தரையிலும் மேல்பரப்பிலும் மோதி எதிரொலிகள் குழம்பிவிடும். போதாததற்கு ஒருவகை இறால் சொடக்குப் போட்டதுபோலச் சத்தம் எழுப்பிக்கொண்டே இருக்கும். இத்தனை இரைச்சலில் வேண்டிய ஒலியை மட்டும் பிரித்தெடுப்பது தனிப் படிப்பு, நீரடி ஒலியியல் என்று பெயர்.

ஆளில்லாமல் தானே ஓடும் நீரடி வாகனத்தை நினைத்துப் பாருங்கள். 6,000 மீட்டர் ஆழத்தில் அது இருந்தால் நாம் ஒன்று கேட்டுப் பதில் வர 8 நொடி ஆகும். அதுவரை அது காத்திருக்க முடியாது, முடிவைத் தானே எடுக்க வேண்டும். சுனாமி மிதவையும் இந்த வித்தையில்தான் இயங்குகிறது. கடல் தரையில் கிடக்கும் கருவி நீரழுத்த மாற்றத்தை அளந்து ஒலியாக மேலே அனுப்ப, மிதவை அதைச் செயற்கைக்கோள் வழியே ஹைதராபாத்தில் உள்ள சுனாமி எச்சரிக்கை மையத்துக்குத் தருகிறது. 2004-ஐப் பார்த்த நமக்கு அதன் மதிப்பு தெரியும். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்ப மத்ஸ்யா 6000 என்ற வாகனத்தை உருவாக்குகிறது. அங்கே அழுத்தம் மேலே இருப்பதைப்போல 600 மடங்கு. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதை இறக்கிச் சோதித்தார்கள்.

இதற்குப் பெயரிலேயே 'கடல்' இருக்கிற பட்டத்தை இப்போதே தேட வேண்டாம். விருப்பப் பட்டியலில் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியின் மின்னணு–தகவல் தொடர்புப் பிரிவை முதலில் வையுங்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து, எம்.டெக் சேர எழுதும் கேட் (GATE) நுழைவுத் தேர்வுக்குப் படிக்கட்டும். அப்புறம் சென்னை ஐஐடியின் கடல் பொறியியல் துறை, டெல்லி ஐஐடியில் நீரடி ஒலியியல் செய்யும் ஆய்வு மையம், கொச்சியில் கடற்படைக்குச் சோனார், அதாவது நீருக்குள் இருப்பதை ஒலியால் கண்டுபிடிக்கும் கருவி, செய்யும் பாதுகாப்பு ஆய்வகம் என்று கதவுகள் இருக்கின்றன. கேட் எழுதி எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. முனைவர் பட்டத்துக்கு ஜே.ஆர்.எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் தொடக்கத்திலேயே மாதம் 37,000.

மறைக்காமல் சொல்கிறேன். நாலு வருடத்தோடு முடிகிற படிப்பு இல்லை இது. ஆய்வகங்களில் இடங்களும் குறைவு. கணக்கு கசந்தால் இந்தப் பக்கமே வரக் கூடாது. ஆனால் இரைச்சலிலிருந்து சிக்னலைப் பிரிக்கத் தெரிந்தவளுக்கு ரேடார், தொலைத்தொடர்பு, மருத்துவ ஸ்கேன் கருவி என்று வேறு இடங்களிலும் வேலை உண்டு. கடனில்லாமல் படித்தால் அவசரப்படாமல் தேர்ந்தெடுக்கலாம்.

பொம்பளைப் பிள்ளை கப்பலில் போய் ஆராய்ச்சியா என்று மைத்துனர் கேட்பார். நீங்கள் தினமும் கடலுக்குப் போகிறவர், அந்தப் பதிலை நீங்களே சொல்லுங்கள். அந்தக் கல்லூரிக்கு முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த சனிக்கிழமை பாப்பாவைத் தனியாக என்னோடு அரை மணி நேரம் பேச விடுங்கள். பிரித்துப் போட்ட பெட்டியையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.