பாட்டில் வந்த பிள்ளை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அப்பா எழுதிய குழந்தைப் பாடல்களில் வரும் பிள்ளை நான்தான். பெயரைக்கூட மாற்றாமல் எழுதினார். இப்போது முப்பதை நெருங்குகிறேன். எங்கே போனாலும் "அந்தப் பாட்டுப் பிள்ளையா நீங்கள்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பெயரை மாற்றிக்கொள்வதா, மனதில் இருப்பதையெல்லாம் புத்தகமாக எழுதிவிடுவதா என்று குழம்புகிறேன்.

ர.

அன்புள்ள ர.,

இரண்டையும் தள்ளி வையுங்கள். முதலில் வேலை.

இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் மில்ன் உங்கள் நிலையில் இருந்தவர். அவர் அப்பா ஏ. ஏ. மில்ன் 1924 முதல் 1928 வரை எழுதிய நான்கு புத்தகங்களில், வின்னி-த-பூ என்ற கரடியின் தோழனாக மகனின் பெயரையே வைத்தார். வீட்டில் அவரை அழைத்தது வேறு செல்லப்பெயரில். ஊருக்கு ஒரு பிள்ளை, வீட்டுக்கு ஒரு பிள்ளை. விடுதிப் பள்ளியில், அவர் சிறுவயதில் பதிவு செய்த இசைத்தட்டைச் சக மாணவர்கள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேலி செய்தார்கள். கடைசியில் அது கைக்கு வந்ததும் உடைத்து எறிந்தார். கசப்பு தீரவில்லை.

அவரை மீட்டதில் வேலைக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். உலகப்போரில் ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் இருந்தார். ஒரு பாலம் பாரம் தாங்குமா என்பதை அப்பாவின் புகழ் தீர்மானிக்காது. 1951-இல் டார்ட்மவுத் என்ற சிற்றூரில் மனைவியோடு புத்தகக்கடை திறந்தார். கரடிப் புத்தகத்தைத் தேடி வருபவர்கள் அங்கேயும் வருவார்கள் என்று தெரிந்தேதான் திறந்தார். ஆனால் கேட்ட புத்தகத்தை வரவழைப்பது, இருப்புப் பார்ப்பது, கணக்கு முடிப்பது எல்லாம் அவர் கைவேலை. நீங்களும் அப்படி ஒன்றைத் தேடுங்கள்: சரியா தவறா என்பது யார் செய்தார் என்று தெரியாமலே தெரிய வேண்டும். அப்பாவின் துறையிலேயே தொடங்கினால் பாராட்டு, வசை இரண்டையும் நம்ப முடியாமல் போகும்.

பெயர் மாற்றம் எளிதல்ல. சான்றிதழ், வங்கி, கடவுச்சீட்டு எல்லாம் மாற வேண்டும். மாறிய பிறகும் முகம் தெரிந்தவர்கள் கேட்பார்கள், கூடவே ஏன் மாற்றினீர்கள் என்றும் கேட்பார்கள். வேலையிடத்தில் முதலெழுத்தோ சுருக்கமோ போதும். கேள்விக்கு இரண்டு வாக்கியம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "ஆமாம், அந்தப் பாட்டு அப்பா எழுதியது. நான் இப்போது இன்ன வேலை செய்கிறேன்." மறுத்தாலோ முகம் சுளித்தாலோ பேச்சு நீளும், அதுதான் பலருக்கு நடக்கிறது.

புத்தகத்துக்கு வருகிறேன். மில்ன் தன் பிள்ளைப் பருவத்தை எழுதி வெளியிட்டது 1974-இல், ஐம்பது வயதைத் தாண்டியபின். அப்பாவையும் பாட்டுப் பிள்ளையையும் நேருக்கு நேர் பார்க்க அந்த எழுத்து உதவியது என்று பிறகு சொன்னார். கோபத்தில் உடனே எழுதியிருந்தால் அது இன்னொரு இசைத்தட்டு உடைப்பாகவே இருந்திருக்கும்.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது ஒரு நோட்டுப் புத்தகம். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். எனக்கே நினைவிருப்பது இடப்பக்கம். பாட்டிலோ படத்திலோ பிறர் வாயிலோ வந்தது வலப்பக்கம். வலப்பக்கம் முதலில் நிரம்பிவிடும், பயப்படாதீர்கள். வாசனை, காயம், பிடிக்காத சட்டை என்று சின்னதாகத் தேடினால் இடப்பக்கம் மெல்ல ஊறிவரும். எந்தப் பக்கம் என்று தெரியாதவற்றுக்குக் கேள்விக்குறி போடுங்கள்.

மில்னின் அப்பா 1956-இலேயே இறந்துவிட்டார். எழுதும்போது கேட்க ஆள் இல்லை. உங்கள் அப்பா இருக்கிறார் என்றால் கேள்விக்குறிகளை எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள்.