வாசகர் கேள்வி – பதில்: வெரோனிகா காஸ்ட்ரோ

கேள்வி: ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழி பயிலும் என் மகள், மெக்சிகோவின் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் வெரோனிகா காஸ்ட்ரோ என்ற பெயர் தவறாமல் வந்துவிடுகிறது என்கிறாள். ஒரு சீரியல் நடிகைக்கு இத்தனை மதிப்பு எதனால்? (ஒரு வாசகி, மயூர் விஹார், டெல்லி)

பதில்: 1952 அக்டோபர் 19 அன்று மெக்சிகோ நகரில் பிறந்த வெரோனிகா, திரைப்படங்களிலும் மேடையிலும் நடித்திருந்தாலும், அவரை உலகம் அறியச் செய்தது 1979இல் தெலெவிசா நிறுவனம் ஒளிபரப்பத் தொடங்கிய 'பணக்காரர்களும் அழுகிறார்கள்' என்னும் பொருள்படும் தொடர்தான். பணக்கார வீட்டில் அடைக்கலம் பெறும் ஏழைப் பெண் மரியானா, அவ்வீட்டு மகனையே மணக்கிறாள். பின்னர் கணவனின் சந்தேகத்தால் மனம் பேதலித்த நிலையில், பெற்ற குழந்தையை லாட்டரிச் சீட்டு விற்கும் ஒரு பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் அதைத் தேடி அலைகிறாள்.

கதையைச் சுருக்கிச் சொன்னால் நமக்குப் பழகிய கண்ணீர்க் கதை போலவே தோன்றும். ஆனால் தொடரின் தொடக்கத்தில் துடுக்குத்தனம் நிறைந்த மரியானாவாக வரும் வெரோனிகா, முடிவில் வளர்ந்த இளைஞனுக்குத் தாயாக நிற்கிறார் என்பதையும், அப்போது அவருக்கு வயது 27தான் என்பதையும் கருத வேண்டும். அந்த மகனாக நடித்த கில்லெர்மோ கபெத்தில்யோ, 1987இல் தொடங்கிய 'ரோசா சல்வாஹே' தொடரில் அவருக்கே காதலனாகவும் கணவனாகவும் நடித்தார்; பார்வையாளர்கள் அதையும் மனமார ஏற்றுக்கொண்டனர். இது ஒப்பனையால் மட்டும் கைகூடும் காரியமன்று.

சோவியத் ஒன்றியம் சிதறிக்கொண்டிருந்த 1991ஆம் ஆண்டின் இறுதியில் மரியானாவின் தொடர் ரஷ்யாவில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறி, நாளை என்ன ஆகும் என்பதே தெரியாதிருந்த மக்கள், முற்றிலும் அந்நியமான ஒரு நாட்டுப் பெண்ணின் துயரத்தைத் தம் வீட்டுத் துயரமாகக் கொண்டாடினர். 1992இல் அவர் மாஸ்கோ சென்றபோது அங்கு கிடைத்த வரவேற்பு, பெரிய திரை நட்சத்திரங்களுக்கும் எளிதில் வாய்க்காதது.

கேள்வி: தூர்தர்ஷனில் நாங்கள் குடும்பத்தோடு பார்த்த 'ஹம் லோக்' தொடருக்கு மெக்சிகோவே முன்மாதிரி என்கிறார்களே, அது வெரோனிகாவின் தொடர்தானா? (ஒரு வாசகர், கரோல் பாக், டெல்லி)

பதில்: மெக்சிகோ என்பது சரி, ஆனால் வெரோனிகாவின் தொடர் அன்று. அதே தெலெவிசாவில் மிகெல் சபிதோ என்பவர், முதியோர் கல்வி, குடும்பக் கட்டுப்பாடு முதலியவற்றைக் கதையோடு பிணைத்துத் தொடர்கள் தயாரித்தார். அந்த முறையே 1984 ஜூலை 7 அன்று தொடங்கிய 'ஹம் லோக்' தொடருக்கு வழிகாட்டியது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் இந்தி நடிகர் அசோக் குமார் தோன்றிப் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும்.

கேள்வி: அவர் பாடகியும் கூட என்கிறார்களே, சொந்தக் குரலிலா? இப்போதும் நடிக்கிறாரா? (ஒரு வாசகி, ஆர்.கே. புரம், டெல்லி)

பதில்: சொந்தக் குரலில்தான். மரியானா தொடரின் முகப்புப் பாடலான 'அழக் கற்றுக்கொண்டேன்' என்னும் பொருளுடைய பாடலையும், 'ரோசா சல்வாஹே'யின் முகப்புப் பாடலையும் அவரே பாடினார். பின்னணிக் குரலுக்கு உதடு அசைப்பதையே பார்த்துப் பழகிய நமக்கு, கதாபாத்திரத்தின் குரலும் பாட்டின் குரலும் ஒன்றாகவே இருப்பது தனி நெருக்கத்தைத் தரக்கூடியது. பெரும் குரல்வளம் கொண்ட பாடகி என்று அவரைச் சொல்ல மாட்டேன்; பாட்டில் பேசத் தெரிந்தவர் என்பேன்.

மெக்சிகோவின் தொடர்களில் நடிகர்களின் காதில் சிறு கருவி ஒன்றைப் பொருத்தி, படப்பிடிப்பின்போதே வசனத்தைச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் உண்டு. தமிழ்ச் சங்க மேடையில் நாடகம் போட்டவர்களுக்குப் படுதாவுக்குப் பின்னிருந்து வசனம் எடுத்துக்கொடுப்பவரைத் தெரியும், அது போன்றதுதான். காதில் அடுத்த வரி ஒலித்துக்கொண்டிருக்கையில், அதைக் கேட்பதாகவே தெரியாமல் கண்ணில் நீர் வரவழைப்பது எத்தகைய பயிற்சியைக் கோரும் என்று எண்ணிப் பாருங்கள். தொலைக்காட்சி நடிப்பைச் சினிமாவுக்குக் கீழானதாக வைப்போர் இந்த உழைப்பைக் கணக்கில் எடுப்பதே இல்லை என்பது என் வருத்தம்.

2018இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான 'மலர்களின் இல்லம்' தொடரின் முதல் பருவத்தில், பூக்கடை நடத்தும் செல்வக் குடும்பத்தின் தலைவியாக நடித்து, மரியானாவை அறியாத இளந்தலைமுறையையும் அவர் ஈர்த்தார். 2022இல் வெளிவந்த மெக்சிகோ திரைப்படம் ஒன்றில், திடீரென இளமை திரும்பிப் பாடகியாகும் பாட்டியின் முதிய வடிவம் அவருடையது. கொரியப் படமொன்றின் மறுவாக்கமான அதே கதைதான் 2019இல் தெலுங்கில் 'ஓ பேபி' ஆனது. அங்கே அந்தப் பாட்டியாக நடித்தவர், வெரோனிகா பிறந்த அதே 1952இல் பிறந்த நம் லட்சுமி. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.